சட்டைப் பைக்குள் ஓடிய ரெக்கார்டர்: பெரம்பலூர் வெங்காய மண்டியிலிருந்து தா.பழூர் வரை

திருச்சியில் ஒரு சின்ன சமூக வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருக்கிறேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்வது, வெட்டுவது, ஒட்டுவது, சாயங்காலம் ஆபீஸைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவது எல்லாம் அதில் அடக்கம். ஒன்பது வருடம் என் தோளில் தொங்கிய ரெக்கார்டர் இந்தப் பொங்கலுக்கு மறுநாள் உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை அனுமதி கிடைத்தது. எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டியவள் நான்.

எங்களுக்குப் பழக்கமான ஒலிக்கருவிக் கடைக்காரர் இரண்டு ரெக்கார்டர்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று டிபன் பாக்ஸ் அளவு. நான்கு பேட்டரி, தடித்த மைக் வயர் செருக இரண்டு துளை, கூடவே ஒரு முழ நீளத்தில் ஒரு மைக். விலை இருபத்து நான்காயிரத்து ஐந்நூறு. இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்கும். மைக் அதன் தலையிலேயே இருக்கிறது. பதினோராயிரம். முதலாவதற்குப் பெரியவன் என்றும் இரண்டாவதற்குச் சின்னவன் என்றும் அங்கேயே பெயர் வைத்துவிட்டேன்.

"கடைக்குள்ள வச்சுப் பாத்தா எல்லா மெஷினும் நல்லாத்தான் இருக்கும் மேடம். வெயில்ல, காத்துல, சத்தத்துல கொண்டுபோய்ப் பாருங்க. சனிக்கிழமை எட்டரைக்குக் கடை சாத்துவேன். அதுக்குள்ள ரெண்டும் என் கைக்கு வந்துடணும்," என்றார் அவர்.

எங்கே கொண்டுபோவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அமுதா என்ற பெண் ஆபீஸுக்குப் போன் செய்திருந்தார். எங்கள் வேளாண் நிகழ்ச்சியைச் செல்போன் செயலியில் கேட்பவர். "எங்க வூட்டுக்காரரு கணேசன், பெரம்பலூர் பக்கம் வெங்காய மண்டியில ஏலம் கூவுறாருங்க. இருபத்திரெண்டு வருஷமா கூவுறாரு. தொண்டையில கட்டி, திங்கக்கெழம ஆப்ரேஷன். அதுக்கப்பறம் பதினஞ்சு நாளு வாயே தொறக்கக் கூடாதாம். பழைய குரலு வருமோ வராதோ, உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அதுக்குள்ள அவரு கூவுறத நல்லபடியாப் புடிச்சுக் குடுப்பீங்களா?"

ஏன், நீங்களே கேட்டதில்லையா என்று கேட்டேன். சிரித்தார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை மண்டிக்குப் போனாராம். அவரைப் பார்த்ததும் கணேசன் முப்பத்திரண்டு ரூபாய்க்கு அடுத்தபடி முப்பத்தொன்று என்று கூவிவிட்டார். மண்டி முழுக்கச் சிரித்தது. அன்றோடு, இந்தப் பக்கமே வராதே என்று சொல்லிவிட்டாராம். வீட்டிலோ மறுநாள் கூவத் தொண்டை வேண்டும் என்று பேச்சே கிடையாது. "சோறு வேணும்னா தட்டக் காட்டுவாரு. இத்தன வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன், ஊரே கேட்ட குரல நான் மட்டும் கேக்கலங்க." யாரோ செல்போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தாராம். அதில் வெறும் இரைச்சல்தான் இருந்ததாம்.

கணேசன் கடைசியாக ஏலம் கூவப்போவது வெள்ளிக்கிழமை காலை. அமுதா அப்போது அறுப்புக்காகத் தா.பழூரில் தம்பி வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார். எனவே வெள்ளி மண்டி, சனி தா.பழூர், இரண்டுக்கும் நடுவில் அரியலூர் லாரிச் சத்தத்தில் ஒரு சோதனை என்று திட்டம் போட்டேன். தை மாதக் கடைசி. வெயில் இன்னும் ஏறாத நேரம், நீங்கள் போவதாக இருந்தாலும் இதுதான் நல்ல பருவம்.

வியாழக்கிழமை மூன்று பத்துக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். அறுபது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய், ஒரு மணி இருபது நிமிடம். ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் சோதனையை நடத்தினேன். பெரியவனின் மைக்குக்கு ரோமத் தொப்பி ஒன்று உண்டு. அதைப் போட்டதும் ஜன்னல் காற்று பாதியாக அடங்கியது. சின்னவனுக்குக் கொடுத்திருந்த பஞ்சுத் தொப்பி அவ்வளவாக உதவவில்லை. நான் மைக்கை ரோட்டுப் பக்கம் நீட்டியிருந்ததைப் பார்த்த கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார். "என்ன மேடம், ஸ்பீடு புடிக்கிறீங்களா? டிரைவரு அறுபதுக்கு மேல போவ மாட்டாருங்க." ரேடியோக்காரி என்று சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. வண்டியின் வேகமும் உடனே கூடியது.

பெரம்பலூரில் பஸ் நிலையத்துக்கு எதிரே எழுநூறு ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தேன். சுத்தமான அறை, வெந்நீர் உண்டு. விடுதியில் சொல்லி வைத்ததில், மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜாகிர் ஆட்டோவோடு வந்து நின்றார். வி.களத்தூர்க்காரர், முப்பது வயதிருக்கும். மண்டி, செட்டிகுளம் போகும் பக்கம் பதினெட்டு கிலோமீட்டர். போய் வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து நானூற்றைம்பது என்று பேசினோம். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தார்.

"கணேசண்ணனா? அவரு கூவுறதக் கேட்டா வெங்காயம் வேணாதவனுக்கும் கைய தூக்கலாம்போல இருக்கும்க்கா. எங்க வாப்பா இங்கதான் வெங்காயம் போடுவாங்க. இன்ஷா அல்லாஹ், தொண்ட நல்லபடியா ஆயிடணும்."

தகரக் கூரை போட்ட மண்டி. தார்ப்பாய்களின்மேல் சின்ன வெங்காயம் குவியல் குவியலாகக் கிடந்தது. நாற்பது குவியலுக்குக் குறையாது. காலில் சருகு ஒட்டிக்கொண்டு வந்தது, ஐந்து நிமிடத்தில் கண் கரித்தது. கணேசன் ஒல்லியான மனிதர். ஐம்பது வயது, கட்டம்போட்ட சட்டை, கழுத்தில் துண்டு. ஏழு மணிக்கு ஏலம் தொடங்கும்வரை கிசுகிசுப்பாகத்தான் பேசினார். "வாங்கம்மா. அமுதா சொல்லுச்சு. அதுக்கு ஒரே பிடிவாதம்," என்றார். பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தார்.

பெரியவனை எடுத்து, ஹெட்போனை மாட்டி, நீள மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கேதான் வினை வந்தது. கணேசன் முதல் குவியலின் முன்னால் போய் நின்றார், மைக்கைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "மதிப்பிற்குரிய வியாபாரப் பெருமக்களே, முதலாவதாக நமது பார்வைக்கு வந்திருப்பது..." என்று தொடங்கினார். பின்னாலிருந்து ஒரு வியாபாரி கேட்டார்: "கணேசா, ஆப்ரேஷன் திங்கக்கெழமதானே? இப்பவே ஏன்யா இப்படி ஆயிட்ட?"

இரண்டு குவியல் இப்படியே போனது. அமுதாவைப் பார்த்துத் தடுமாறிய மனிதர் என் மைக்கைப் பார்த்தும் தடுமாறுகிறார். இன்றைக்கு விட்டால் இந்தக் குரல் நாளைக்குக் கிடையாது. மூன்றாவது குவியலுக்குப் போகுமுன் அவரை நிறுத்தி, சின்னவனை ஓடவிட்டு, அவர் சட்டைப் பைக்குள் தலை வெளியே தெரியும்படி போட்டேன். "நான் தூரமாப் போயிடறேண்ணே. நீங்க என்னைய மறந்துட்டு ஒங்க வேலையப் பாருங்க." பெரியவனைத் தூக்கிக்கொண்டு முப்பதடி தள்ளிச் சாக்கு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றேன். மைக்கை ஒரு சாக்கின்மேல் சாய்த்து வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு மின்னியது, ஒலி அளவுக் கோடுகள் குதித்தன, ஹெட்போனில் மண்டி வந்தது.

மூன்றாவது குவியலில் வேறு ஒரு மனிதர் எழுந்தார். "முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, அந்தப் பக்கம் முப்பத்தெட்டர, இந்தா முப்பத்தொம்போது, தலயாட்டுனவரு முப்பத்தொம்போது, ஒருதரம்..." இதை எழுத்தில் எழுதினால் ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. அந்த ஒடிசலான உடம்பிலிருந்து கூரைத் தகரம் அதிரும்படி ஒரு குரல் வந்தது. ஆனால் அது கத்தல் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படி ஏறி, "ஒருதரம்" என்னும்போது நின்று, "ரெண்டுதரம்" என்னும்போது பாதி இறங்கி, "மூணுதரம்" என்று ஒரே போடாகப் போட்டு முடித்தது. வியாபாரிகள் யாரும் வாய் திறந்து விலை சொல்வதில்லை. ஒருவர் கண்ணைச் சிமிட்டுகிறார், ஒருவர் காதைச் சொறிகிறார், ஒருவர் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுகிறார். பதினைந்து இருபது பேரின் இந்தச் சேட்டைகளை ஒன்றுவிடாமல் பார்த்து, மூச்சுவிடும் நேரத்தில் ரூபாயாக மாற்றிக் கூவுகிறார். ஒரு குவியலுக்கு இரண்டரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஒன்பது வருடமாக எத்தனையோ பேரைப் பதிவு செய்திருக்கிறேன். இவ்வளவு நன்றாக வேலை செய்கிற மனிதரைப் பார்த்து நாளாகிவிட்டது.

ஏழாவது குவியலில் ஒன்று கவனித்தேன். "ரெண்டுதரம்" வரை வந்தவர், சட்டென்று "நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். விலை கேட்ட வியாபாரி முகம் சிவந்தார். "ஒனக்கென்னய்யா, நெனச்சா கூவுவ, நெனச்சா நிறுத்துவ." கணேசன் காதில் வாங்கவே இல்லை. ஜாகிர் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "அவருக்குப் பின்னாடி நிக்கிறாரு பாருங்கக்கா, அவருதான் வெங்காயத்துக்காரரு. வெல கட்டலைன்னா கணேசண்ணன் முதுகுல வெரலால ஒரு தட்டு தட்டுவாரு. இவரு நிறுத்திருவாரு. தட்டலைன்னா சம்மதம்னு அர்த்தம்."

வாயால் சொன்னால் என்ன என்று கேட்டேன். "அந்த யாவாரி மொகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்லிட்டு நாளைக்கு அவருகிட்டயே வந்து நிக்கணும்லக்கா. எங்க வாப்பா எத்தன தடவ தட்டியிருக்காங்க. திட்டு எல்லாம் கணேசண்ணனுக்குத்தான் போவும். வாங்கிக்கிடுவாரு." இது வியாபாரிகளுக்குத் தெரியாதா என்றால், எல்லோருக்கும் தெரியுமாம். தெரிவது வேறு, கண்ணெதிரே நடப்பது வேறு என்றார் ஜாகிர். அதன்பிறகு நான் கணேசனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிவரை ஐந்து பேர் தட்டினார்கள். ஐந்து முறையும் வியாபாரிகளின் வசவை அவர் துடைத்துப் போட்டுவிட்டு நடந்தார்.

ஒன்பது மணிக்குக் கடைசிக் குவியல் முடிந்தது. நிறைந்த மனசோடு பெரியவனை நிறுத்தப் போனேன். திரையில் 00:00:00 என்று இருந்தது. சிவப்பு விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தை ரெக்கார்டர் வாங்கப் போகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். பெரியவன் வகைக் கருவிகளில் பதிவுப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் அது தயார்நிலைக்குத்தான் வரும். ஹெட்போனில் கேட்கும், கோடுகள் குதிக்கும், விளக்கு மின்னும். ஆனால் எதுவும் பதிவாகாது. இரண்டாம் முறை அழுத்தினால்தான் விளக்கு மின்னாமல் எரியும், நேரம் ஓடும். என் பழைய ரெக்கார்டருக்கு ஒரே அழுத்து. கடைக்காரர் இதைச் சொல்லியும் இருந்தார். தலையையும் ஆட்டியிருந்தேன். ஏலம் நடந்த இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு முறை திரையைப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். நான் கணேசனையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த லைட்டு மின்னுனத நானும் பாத்தேங்க்கா. மின்னுனா ஓடுதுன்னு நெனச்சுட்டேன்," என்றார் ஜாகிர். அவர் ஆறுதலுக்காகச் சொன்னது எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. இன்னும் ஒரே ஒரு குவியல் கூவச் சொல்லிக் கேட்கலாம் என்று ஓடினேன். கணேசன் மண்டிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பிளாஸ்கோடு தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இரண்டாம் முயற்சியில், "கேட்டுச்சாம்மா?" என்று வந்தது.

கேட்டுச்சுண்ணே என்று பொய் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து சின்னவனை எடுத்து என் கையில் வைத்தார். அதன் விளக்கு மின்னாமல் எரிந்துகொண்டிருந்தது. ஒரு மணி ஐம்பத்தாறு நிமிடம் ஓடியிருந்தது. பேட்டரியில் ஒரே கோடு மிச்சம். அமுதாவுக்கு இனி இருப்பது, ஒரு சட்டைப் பைக்குள் உரசிக்கொண்டு கிடந்த இந்தப் பதினோராயிரம் ரூபாய்ப் பொருள் மட்டும்தான். திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோ சத்தத்தில் அதைக் கேட்டுப் பார்க்கவும் முடியவில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பத்திரண்டு கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் அறுநூற்றைம்பதுக்கு அறை. கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். முதல் சில நிமிடங்களுக்குத் துணி உரசும் சத்தம், சாவிக்கொத்து, ஒரு இருமல். பிறகு கணேசன் கூவினார். நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்ததால் குரல் அடியிலிருந்து முழுசாக வந்திருந்தது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மண்டி தள்ளித் தெரிந்தது. ஏழாவது குவியலில் "ரெண்டுதரம்" என்றதும், சட்டை வழியாக, "டொக்" என்று ஒரு சத்தம். விரல். சாக்குக்குப் பின்னால் இருந்த நீள மைக்குக்கு அது எந்தக் காலத்திலும் கிடைத்திருக்காது. கட்டிலில் அப்படியே சாய்ந்துவிட்டேன். இருபது நிமிடம் கேட்டேன், மிச்சத்தைக் கேட்கப் பொறுமை இல்லை, பசித்தது.

மத்தியானம் ரெட்டிபாளையம் போனேன். டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்தால் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போகும். டீயின்மேல் ஒரு படலம் தூசி இலவசம். டீ குடிக்க நின்ற லாரி டிரைவர் ஒருவரிடம் பெரியவனை நீட்டினேன். (இரண்டு முறை அழுத்தி, நேரம் ஓடுகிறதா என்று மூன்று முறை பார்த்த பிறகு.) நேர்மையாகச் சொல்ல வேண்டும், பெரியவன் அங்கே அசத்திவிட்டான். பக்கத்தில் லாரி உறுமும்போதும் டிரைவரின் குரல் துல்லியமாக இருந்தது. சின்னவனில் லாரி அவர் வாய்க்குள்ளேயே புகுந்து புறப்பட்டது. "ரெண்டுல எதுங்க நல்ல வண்டி?" என்று கேட்டார் டிரைவர். பெரியது இழுக்கும், சின்னது எங்கேயும் நுழையும் என்றேன். "அப்ப லோடு என்னன்னு பாத்துத்தான் எடுக்கணும்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு அரியலூரில் பஸ் ஏறி, ஜெயங்கொண்டத்தில் மாறி, பத்து மணிக்குள் தா.பழூர் போய்ச் சேர்ந்தேன். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து ஐம்பது ரூபாய்க்குள். முந்திரியும் செம்மண்ணுமாக வந்த வழி, தா.பழூர் நெருங்க நெருங்க வயலாக மாறிவிடுகிறது. எங்கே பார்த்தாலும் அறுப்பு மிஷின். அமுதா களத்து மேட்டில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்குப் பக்கம், உரத்த குரல், வெடிச் சிரிப்பு. வீட்டில் பேசாத மனிதருக்கும் சேர்த்துப் பேசுகிறாரோ என்று தோன்றியது.

"வாங்கம்மா, வாங்க. கெடச்சுதா?" என்பதுதான் முதல் கேள்வி. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நல்ல மைக்கில் ஒன்றும் விழவில்லை, தப்பு என்னுடையது, பையில் இருந்தது மட்டும்தான் இருக்கிறது, சட்டை உரசும் சத்தம் இருக்கும் என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, புங்கமர நிழலில் உட்கார்ந்து ஹெட்போனை வாங்கி மாட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டார். முதலில் சிரித்தார். பிறகு உதடு எண்ணோடு சேர்ந்து அசைந்தது, முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது. அரை மணி நேரம் அந்தச் சத்தமான பெண் களத்து நெல்லையும் மறந்து உட்கார்ந்திருந்தார். திடீரென்று ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினார். "நடுவுல டொக்குன்னு கேக்குதே, மெஷினு கோளாறா?" என்றார்.

விரல் விஷயத்தைச் சொன்னேன். யார் தட்டுவார்கள், ஏன் தட்டுவார்கள், அதற்கு யார் திட்டு வாங்குவார்கள் என்று எல்லாம் சொன்னேன். அமுதா வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன வருசம் ஒரு கல்யாணத்துல ஒரு யாவாரி எங்க வூட்டுக்காரர திமிர் புடிச்சவன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிட்டாரும்மா. நான் வூட்டுக்கு வந்து சண்ட போட்டேன், நீ எதுக்கு ஊரு வம்ப வாங்குறன்னு. தட்ட நவுத்தி வச்சுட்டுப் படுத்துட்டாரு. இதுதான்னு ஒரு வார்த்த சொல்லல பாருங்க." மறுபடி ஹெட்போனைப் போட்டுக்கொண்டார். கண்ணீர் இறங்கியது, அவர் துடைக்கவில்லை.

கடைசிவரை கேட்பேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். தம்பி மனைவி இரண்டு முறை டீ கொண்டுவந்தார், நான்தான் குடித்தேன். கடைசி நிமிடத்தில் அமுதா சட்டென்று நிமிர்ந்தார், ஹெட்போனைக் கையால் காதோடு அழுத்தினார். முகம் சிவந்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பிசகலையாம்," என்றார்.

எனக்குப் புரியவில்லை, அவர் சொல்லித்தான் தெரிந்தது. மண்டியில் ஏலம் முடிந்து, வேப்பமரத்தடியில் நான் வருவதற்கு முன்னால், தனியாக உட்கார்ந்திருந்த கணேசன் தன் சட்டைப் பையைப் பார்த்து மனைவியிடம் பேசியிருக்கிறார். மிச்சமிருந்த குரலில், இன்றைக்கு ஒரு விலைகூடப் பிசகவில்லை என்று. அதற்குப் பிறகும் ஏதோ இருக்கிறது, நாலு விநாடி. அதை நான் கேட்கவில்லை. என்னவோ இருக்கிறதே, நிகழ்ச்சியின் கடைசியில் வைத்தால் நன்றாக இருக்குமே என்று ரேடியோக்காரிப் புத்தி உடனே கணக்குப் போட்டது. வைக்கலாமா என்று கேட்டேன். அமுதா என் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"நிக்கட்டும்," என்றேன்.

அந்தப் பகுதியை அங்கேயே அவர் போனுக்கு மாற்றிக் கொடுத்து, என் பிரதியிலிருந்து அழித்தேன். அவர் வீட்டுச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கிளம்பி அரியலூர் திரும்பி, ரயில் பிடித்தேன். திருச்சிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், முன்பதிவில்லாத பெட்டியில் இடமும் கிடைத்தது. ஏழே முக்காலுக்குக் கடையில் இருந்தேன்.

சின்னவனைத்தான் வாங்கினேன். மிச்சப் பணத்தில் சட்டையில் குத்தும் ஒரு குட்டி மைக், ஒரு நல்ல ரோமத் தொப்பி, நான்கு ஜோடி ரீசார்ஜ் பேட்டரி. பெரியவன் மட்டமில்லை. லாரி ரோட்டில் பேட்டி எடுப்பவர், ஒரு உதவியாளரோடு போகிறவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காத நிதானசாலி, இவர்கள் அதையே வாங்கலாம். நான் எதிரில் இருப்பவர் பேச்சில் வாய் பிளந்து நின்றுவிடுகிற ரகம். அப்படிப்பட்டவளுக்கு ஒரே அழுத்தில் ஓடுகிற, பையில் போட்டால் பேசுகிறவருக்கே மறந்துபோகிற கருவிதான் சரி. கடையில் விலையையும் விவரத்தையும் கேட்பதற்கு முன்னால், நீங்கள் எந்த இடத்தில் கோட்டை விடுவீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் சில. விளக்கை நம்பாதீர்கள், ஓடும் நேரத்தைப் பாருங்கள். ஒலி அளவை நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், ஏலக்காரர் எப்போது உயர்வார் என்று சொல்ல முடியாது. புது பேட்டரி போடாமல் மண்டிக்குள் நுழையாதீர்கள். சட்டைப் பையில் வைப்பதானால் சாவி, சில்லறை, சீப்பு எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள், நான் சொல்ல மறந்துவிட்டேன். எடுத்தவுடன் எடுத்த இடத்திலேயே ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். செட்டிகுளம் பக்கம் போகிறவர்கள் தை, மாசியில் போங்கள், ஏழு மணிக்குள் போய்விடுங்கள், கண்ணுக்கு ஒரு கைக்குட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நிகழ்ச்சியை அரை மணி நேரமாக வெட்டி முடித்து, அமுதாவின் போனுக்கு அனுப்பி வைத்தேன். ஒன்றுதான் உறுத்தியது. அதில் விரல் தட்டும் சத்தமும் இருந்தது, அதற்கான விளக்கமும் இருந்தது. மண்டியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் ரேடியோவில் வருவது வேறு. கணேசனைக் கேட்காமல் போட மனம் வரவில்லை. சாயங்காலம் போன் செய்தேன். அமுதா, "ரெண்டு பேருமா ரெண்டு தடவ கேட்டாச்சு. அவருகிட்டயே குடுக்கறேன், பேச மாட்டாரு, நீங்க சொல்லுங்க," என்று போனைக் கொடுத்துவிட்டார்.

மறுமுனையில் மூச்சு கேட்டது. "அண்ணே, விரலு வெவரம் ஞாயித்துக்கெழம ரேடியோவுல வரும். வேணாம்னா போன்ல ஒரு தட்டு தட்டுங்க, எடுத்துடறேன்," என்றேன்.

காதோடு போனை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். தூரத்தில் ஒரு பாத்திரம் விழுந்தது, ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒரு நிமிடம் முழுதாகப் போயிற்று. அவர் மூச்சுவிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டவில்லை.